நம்பிக்கைகளும் உண்மைகளும்: வியட்நாம் சாலையில் ஒரு வாடகை பைக்

வியட்நாமைத் தெற்கிலிருந்து வடக்கே பைக்கில் கடக்கும் ஆசையை உலகம் முழுக்கப் பரப்பியதில் பிபிசியின் ‘டாப் கியர்’ நிகழ்ச்சிக்குப் பெரிய பங்கு உண்டு. 2008 டிசம்பரில் ஒளிபரப்பான அந்தச் சிறப்புப் பகுதியில் ஜெரமி கிளார்க்சன் ஒரு வெஸ்பாவிலும், ரிச்சர்ட் ஹாமண்ட் பெலாரஸில் தயாரான மின்ஸ்க் பைக்கிலும், ஜேம்ஸ் மே ஹோண்டா சூப்பர் கப்பிலும் சைகானிலிருந்து ஹா லாங்குக்குக் கிளம்பினார்கள். எட்டு நாள் கெடு. அதைப் பார்த்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டியவர்கள் ஏராளம். ஹுவேயிலிருந்து ஹனோய் வரை மூவரும் ரயிலில் போனார்கள் என்பது மட்டும் யாருக்கும் நினைவில் தங்குவதில்லை.

பத்து நாளில் முழுத் தூரத்தையும் பைக்கிலேயே கடந்துவிடலாம் என்பது முதல் நம்பிக்கை. சைகானுக்கும் ஹனோய்க்கும் இடையே சுமார் 1,700 கிலோமீட்டர். மலைப்பாதையில் மணிக்கு 35 கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். பத்து நாள் லீவு போட்டு வருபவர் கடைசியில் மலையை விட்டுவிட்டு, லாரியும் பேருந்தும் உறுமிக்கொண்டு போகும் 1ஆம் எண் நெடுஞ்சாலையிலேயே பாதி நாளைக் கழிப்பார். எக்ஸ்பிரஸ் சாலைகளில் பைக்குக்கு அனுமதி கிடையாது. இதைவிட டாப் கியர்க்காரர்கள் செய்ததே மேல். வியட்நாம் ரயில்களில் பைக்கையும் சரக்காக ஏற்றலாம். பெட்ரோலைக் காலிசெய்த பிறகுதான் வாங்கிக்கொள்வார்கள்.

“ஹனோய் டிராஃபிக்கில் ஓட்டினால் உயிர் மிஞ்சாது” என்பது அடுத்த நம்பிக்கை. பத்துக் கோடிப் பேர் வாழும் நாட்டில் பதிவான பைக்குகள் ஏழு கோடிக்கு மேல். பழைய நகரின் ஒரு சந்திப்பில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். முட்டைத் தட்டு அடுக்கிய ஸ்கூட்டர், குழந்தையை முன்னால் நிற்கவைத்த அப்பா, குறுக்கே நடக்கும் பாட்டி எல்லாம் ஒன்றையொன்று உரசாமல் நழுவிப் போவது தெரியும். காரணம் வேகம்: யாரும் 20, 25ஐத் தாண்டுவதில்லை. எதிரே வருபவர் திடீரென்று நிற்கமாட்டார், திடீரென்று பாயமாட்டார் என்று எல்லோரும் நம்புகிறார்கள். ஊருக்கு வெளியே, கூட்டம் கலைந்து சாலை அகலமான பிறகுதான் உண்மையான ஆபத்து ஆரம்பம்.

“நான் சென்னையிலேயே ஓட்டியவன்” என்று மார்தட்டுபவருக்கும் ஒரு சேதி. வியட்நாம், லாவோஸ், கம்போடியா மூன்றிலும் வண்டிகள் வலதுபக்கம் போகும். தாய்லாந்திலும் மலேசியாவிலும் நம்மைப்போல இடது. பழக்கம் காலை வாரிவிடுவது நெரிசலில் அல்ல, அங்கே மற்றவர்களைப் பின்தொடர்ந்தே போய்விடலாம். விடியற்காலையில் பெட்ரோல் பங்கிலிருந்து ஆளரவமற்ற சாலையில் இறங்கும்போதுதான் ஹேண்டில் தானாக இடதுபக்கம் திரும்பும்.

பலர் கவலையே படாத விஷயம் லைசென்ஸ். “இன்டர்நேஷனல் பெர்மிட் கையில் இருக்கிறது, கடைக்காரரும் வண்டி கொடுத்துவிட்டார், அப்புறம் என்ன?” இங்கேதான் சிக்கல். உலகில் இரண்டு வகைப் பெர்மிட்டுகள் புழக்கத்தில் இருக்கின்றன: ஒன்று 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி, மற்றொன்று 1968 வியன்னா உடன்படிக்கையின்படி. வியட்நாம் 2014இல் சேர்ந்தது வியன்னாவில். ஏற்பதும் அந்தப் பெர்மிட்டைத்தான். இந்தியாவில் ஆர்.டி.ஓ. அலுவலகம் தருவது 1949 வகை. லண்டனில் இருக்கும் தமிழர் 1968 வகையைக் கேட்டு வாங்கலாம், அவர் லைசென்ஸில் மோட்டார் சைக்கிள் பிரிவும் இருந்தால் பிரச்சினை இல்லை. மதுரையிலிருந்து போகிறவர் 50 சிசிக்கு உட்பட்ட வண்டியோடு திருப்திப்பட வேண்டும்; அதற்கு அங்கே லைசென்ஸ் தேவையில்லை.

வாடகைக் கடைக்காரர் இதையெல்லாம் கேட்கமாட்டார். அது அவர் கவலையும் இல்லை. போலீஸ் போடும் அபராதம்கூடப் பெரிதில்லை. செல்லாத லைசென்ஸோடு விழுந்து காலை ஒடித்துக்கொண்டால், பயணக் காப்பீட்டு நிறுவனம் பொதுவாகக் கையை விரித்துவிடும். ஆஸ்பத்திரிச் செலவு முழுக்கச் சொந்தப் பணம்.

இனி மழை. “தென்கிழக்கு ஆசியாவில் ஜூனிலிருந்து அக்டோபர் வரை மழை, நவம்பரில் கண்ணை மூடிக்கொண்டு கிளம்பலாம்” என்கிறார்கள். சைகானுக்கு இது ஏறக்குறையப் பொருந்தும். ஹுவேக்கும் டா நாங்குக்கும் பொருந்தவே பொருந்தாது. ஐப்பசி கார்த்திகையில் நம் கடற்கரையை நனைக்கும் அதே வடகிழக்குப் பருவக்காற்று, அதே சமயத்தில் நடு வியட்நாமின் கரையிலும் கொட்டித் தீர்க்கிறது. ஹுவேயிலும் ஹோய் ஆனிலும் தெருவில் படகு ஓடும் மாதங்கள் அவை. சிதம்பரத்துக்காரருக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். ஹுவேக்கும் டா நாங்குக்கும் நடுவே, கிட்டத்தட்ட 500 மீட்டர் உயரத்தில் ஹாய் வான் கணவாய். அடியில் 2005இல் திறந்த ஆறு கிலோமீட்டர் சுரங்கப்பாதை இருக்கிறது. மழைக்கு அதில் புகுந்துவிடலாம் என்று நினைத்தால் நடக்காது: பைக்கை ஓட்டிக்கொண்டு உள்ளே போக முடியாது, வண்டியில் ஏற்றித்தான் அனுப்புவார்கள். வடக்கே மலைகளில் வேறு கதை. ஜனவரியில் டோங் வான் பக்கம் டி-ஷர்ட்டோடு போனால் விரல் விறைத்து பிரேக் பிடிக்க வராது.

“ஹோ சி மின் பாதையில் ஓட்டினேன்” என்று படம் போடுபவர்கள் ஓட்டியது பெரும்பாலும் 2000த்தில் வேலை தொடங்கிய ஹோ சி மின் நெடுஞ்சாலை. வியட்நாம் போரில் வடக்கிலிருந்து தெற்கே படைகளும் ஆயுதங்களும் போன பாதை ஒற்றைச் சாலையே அல்ல. காட்டுத்தடங்களின் வலை, அதில் பெரும்பகுதி லாவோஸ் மண்ணில் கிடந்தது. அதனால்தான் 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் லாவோஸில் இருபது லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன. கொத்துக்குண்டுகளிலிருந்து சிதறிய சிறுகுண்டுகள் மட்டும் சுமார் 27 கோடி. அவற்றில் 30 சதவீதம் வரை வெடிக்காமல் புதைந்தன என்பது மதிப்பீடு. டென்னிஸ் பந்து அளவுதான் இருக்கும். சாகசம் என்று சாலையை விட்டு வண்டியைப் புதருக்குள் இறக்குவது, சிறுநீர் கழிக்க இருபதடி உள்ளே போவது எல்லாம் அங்கே வேண்டாத வேலை. எல்லைக்கு இந்தப்புறம், கே சான் இருக்கும் குவாங் ட்ரி மாகாணத்துக்கும் இது பொருந்தும். கே சானிலிருந்து ஃபோங் நா வரையிலான மேற்குச் சாலை சுமார் 230 கிலோமீட்டர். வழியில் பங்க் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஹோண்டா வேவ் பைக்கின் டேங்க் 4 லிட்டரை ஒட்டியது. கணக்கு இழுபறிதான், பாட்டிலில் கூடுதலாக ஒரு லிட்டர் எடுத்துப்போவது நல்லது.

ஹோண்டா வேவில் கிளட்ச் லீவர் இல்லை என்பதால் ஸ்கூட்டர்தானே என்று ஏறுபவர்களின் வலது கெண்டைக்காலைப் பார்த்தால் தெரியும். சைலன்சர் வலப்புறம். அந்தப் பக்கமாக இறங்கினால் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்துவிடும். தாய்லாந்தில் சுற்றும் பயணிகள் இதற்கு ‘தாய் டாட்டூ’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

வடகோடியில் ஹா ஜியாங் மலைச்சுற்றில் இன்னொரு நம்பிக்கை: பின்சீட்டில் உட்கார்ந்து போனால் கௌரவக் குறைச்சல். 1959இல் தொடங்கி 1965இல் முடிந்த சாலை அது. மா பி லெங் பகுதியில் தொழிலாளர்கள் இடுப்பில் கயிறு கட்டிப் பாறையில் தொங்கியபடி பதினொரு மாதம் செதுக்கினார்கள். ஒருபக்கம் நோ குவே ஆற்றுக்குச் சரிந்து இறங்கும் பள்ளம். உள்ளூர் ஓட்டுநரின் பின்னால் போக லைசென்ஸும் வேண்டாம், வளைவும் அவருக்கு மனப்பாடம்.

ஓட்டுபவர் யாரானாலும் ஒன்றில் கவனம் வேண்டும். அங்குள்ள தங்குமனைகளில் இரவுச் சாப்பாட்டோடு சோளச் சாராயத்தைக் கிண்ணம் கிண்ணமாக ஊற்றி உபசரிப்பார்கள். “ராத்திரி குடித்தது காலையில் இறங்கிவிடும்” என்பது எல்லா நாட்டிலும் நிலவும் நம்பிக்கை. 2020 ஜனவரி 1 முதல் வியட்நாமில் ஓட்டுபவருக்கு அனுமதிக்கப்பட்ட மது அளவு பூஜ்யம். காலை எட்டு மணிக்கு வழிமறிக்கும் போலீஸ்காரர் ஊதச் சொல்லும்போது கருவி காட்டுவது, மூச்சில் மிச்சமிருக்கும் முந்தின இரவையும் சேர்த்துத்தான்.