ரீச்சர்மாரின் சங்கமும் எங்கள் பிள்ளைகளின் படிப்பும்

"ரீச்சர்மார் சம்பளம் காணாதெண்டு வீட்டில இருந்தால் எங்கட பிள்ளையளின்ர படிப்பு என்னாகிறது, சுவாமி? அவையளுக்கு மாதம் முடியச் சம்பளம் வருது. எங்களுக்கு மழை பிழைச்சால் ஒண்டுமில்லை."

கிராமக் கூட்டம் ஒன்றில் ஒரு தாய் எம்மிடம் இப்படிக் கேட்டார். கேள்வி நியாயமானது. பலமுறை இடம்பெயர்ந்து, காணியையும் மாட்டையும் விதைநெல்லையும் இழந்த குடும்பத்துக்கு எஞ்சியிருப்பது பிள்ளைகளின் படிப்பு ஒன்றுதான். அதில் கைவைக்க யாருக்கும் உரிமையில்லை என்று அந்தத் தாய் நினைப்பதில் தவறில்லை. ஆகவே இம்முறை ஆசிரியர் சங்கங்களைப் பற்றிப் படிப்போம்.

அரசாங்க ஊழியருக்குச் சங்கம் அமைக்கும் உரிமை சும்மா கிடைத்ததல்ல. 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் தனியார் துறைத் தொழிலாளிக்குக் கொடுத்த உரிமையை அரசாங்கச் சேவையாளருக்குக் கொடுக்கவில்லை. 1947இல் அரசாங்க எழுதுவினைஞர்கள் அந்த உரிமையைக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அவ்வருடம் ஜூன் 5ஆம் திகதி கொழும்பில் ஊர்வலத்தின்மீது பொலிசார் சுட்டதில் கந்தசாமி என்ற எழுதுவினைஞர் உயிரிழந்தார். அவர் தமிழர், அவருக்காகத் தெருவில் இறங்கியவர்களில் பெரும்பான்மையோர் சிங்களவர். இன்று இதை நினைவில் வைத்திருப்போர் குறைவு. அடுத்த ஆண்டு, 1948இல், சட்டம் திருத்தப்பட்டது. அரசாங்க ஊழியர் சங்கம் அமைக்கலாம். ஆனால் ஒரே சேவை அல்லது திணைக்களத்துக்குள் மட்டும், வேறு சங்கங்களுடன் சம்மேளனமாக இணையாமல் என்ற நிபந்தனைகளுடன். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு தொழிற்சங்கம் அமைக்கவும் சேரவும் உள்ள சுதந்திரத்தை 14ஆம் உறுப்புரையில் அடிப்படை உரிமையாகச் சேர்த்தது. 1995இல் இலங்கை சர்வதேச தொழில் தாபனத்தின் 87ஆம் இலக்க சமவாயத்தையும் ஏற்றுக்கொண்டது.

கடதாசியில் உள்ள உரிமை எவ்வளவு தூரம் காக்கும் என்பது வேறு கதை. 1980 ஜூலையில் மாதம் 300 ரூபா சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்களில் ஏறத்தாழ 40,000 பேர் வேலை இழந்தார்கள். அவசரகால விதிகளின் கீழ் அவர்கள் 'பதவியை விட்டு விலகியவர்கள்' எனக் கருதப்பட்டார்கள். தனியார் கம்பனி ஊழியர் தொழில் நியாயசபைக்குப் போகலாம்; கைத்தொழில் பிணக்குகள் சட்டம் அரசாங்க ஊழியருக்குப் பொருந்தாததால் அவர்களுக்கு அந்த வாசலும் இல்லை. ஆசிரியருக்கு அநீதி நேர்ந்தால் மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவுக்கோ, தேசிய பாடசாலை ஆசிரியரானால் அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்கோ எழுத வேண்டும். அடிப்படை உரிமை மீறல் என்றால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். கஷ்டப் பிரதேசத்தில் படிப்பிக்கும் ஒரு ஆசிரியை தனியே ஒரு மாதத்துக்குள் கொழும்பில் சட்டத்தரணி தேடுவாரா? இங்கேதான் சங்கத்தின் பெறுமதி தெரிகிறது.

எமக்குத் தெரிந்த ஒரு ஆசிரியையின் கதையைச் சொல்கிறோம். நிலுவைச் சம்பளம் கேட்டு ஒரு கல்வி அலுவலகத்துக்கு ஆறு தடவை ஏறி இறங்கினார். ஒவ்வொரு தடவையும் 'பைல் மேலே போய்விட்டது' என்றார்கள். ஏழாம் தடவை சங்கத்தின் கிளைச் செயலாளர் கூடப் போனார். பைல் அதே மேசையின் லாச்சிக்குள் இருந்தது. அந்த அலுவலர் கெட்டவரென்று சொல்ல மாட்டோம். தனியே வந்தவரின் தவணையைத் தள்ளிப்போடுவது எவருக்கும் இலகு. நெல்லை ஒரு மூட்டையாகக் கொண்டு போனவருக்கு வியாபாரி சொன்னதே விலை என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். 2021 ஜூலை 12 முதல் ஒக்டோபர் வரை ஆசிரியர்களும் அதிபர்களும் இணையவழிக் கற்பித்தலைப் புறக்கணித்தார்கள். 1997ஆம் ஆண்டுச் சம்பளத் திட்டத்திலிருந்து தொடர்ந்த முரண்பாட்டைத் தீர்க்கும்படி கேட்டார்கள். (சிக்னலும் கைத்தொலைபேசியும் இல்லாத எங்கள் பிள்ளைகள் பலருக்கு அந்த வகுப்புகள் முன்னரும் எட்டவில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.) அதற்குச் சில நாட்கள் முன்பு, ஜூலை 8ஆம் திகதி, கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்துக்கு எதிராக நின்ற இலங்கை ஆசிரியர் சங்கச் செயலாளர் ஜோசப் ஸ்டாலினும் வேறு சிலரும் கைதானார்கள். நீதிமன்றம் பிணை கொடுத்த பிறகும் அவர்களைத் தனிமைப்படுத்தல் என்று சொல்லிக் கொண்டுபோய் இறக்கிய இடம் முல்லைத்தீவு கேப்பாப்புலவு விமானப்படை முகாம். 2017இல் பிலவுக்குடியிருப்புச் சனம் தங்கள் காணிக்காக இரவு பகலாகக் குந்தியிருந்தது அந்த முகாமின் வாசலில்தான். வாசித்தபோது எமக்கு ஒரு கணம் பேச்சு வரவில்லை.

பலன் என்ன? 2022 ஜனவரியில் கேட்ட உயர்வில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது. மிச்சத்தைக் கேட்டு 2024 ஜூன் 26இல் கொழும்பில் கூடியவர்கள்மீது கண்ணீர்ப்புகையும் தண்ணீரும் வீசப்பட்டன.

திருச்சபையின் போதனை இதில் தெளிவானது. பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் தொழிலாளர் சங்கம் சேர்வது இயற்கை உரிமை என்றார். 1981இல் பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் சங்கங்களைச் சமூக வாழ்வுக்கு இன்றியமையாதவை என ஏற்று, வேலைநிறுத்தத்தையும் நியாயமான வழியாக ஒப்புக்கொண்டார். ஆனால் அதைத் துர்ப்பிரயோகம் செய்யலாகாது, அத்தியாவசிய சேவைகள் நடக்க வேண்டும் என்றும் சேர்த்தார். எங்கள் கருத்தும் அதுவே. பரீட்சைக்கு முந்திய வாரத்தில் வகுப்பைப் பூட்டும் சங்கத்தைப் பார்த்துப் பெற்றோர் 'ஏன்?' என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். தலைவர்களே பதவியும் கட்சியும் தேடி அலையும் சங்கங்களும் உண்டு, அதையும் மறைப்பதற்கில்லை.

எனினும் ஒன்றைப் பாருங்கள். சம்பளம் குடும்பத்துக்குப் போதாத ஆசிரியர் பின்னேரத்தில் ரியூசன் கொடுக்கிறார். ரியூசனுக்குக் காசில்லாத பிள்ளை பின்தங்குகிறது. அந்தப் பிள்ளை யாருடையது? இடமாற்றம் செல்வாக்குள்ளவர் சொற்படி நடந்தால் கணித ஆசிரியர் நகரத்துக்குப் போய்விடுவார். எங்கள் குளத்தடிப் பாடசாலை வெறுமையாகும். இடமாற்றச் சபைகளில் சங்கப் பிரதிநிதிகளும் அமர்வதுண்டு. அவர்கள் விழிப்பாக இருந்தால் ஒரு ஆசிரியர் எங்களிடம் தங்குவார்.

உங்கள் மகளுக்கோ மருமகனுக்கோ நியமனம் கிடைத்தால், சங்கத்தில் சேரும்போது மூன்று காரியம் விசாரிக்கச் சொல்லுங்கள்: தொழிற்சங்கப் பதிவாளரிடம் பதிவு உண்டா, வருடக் கணக்கு அங்கத்தவருக்குக் காட்டப்படுகிறதா, தேர்தல் ஒழுங்காக நடக்கிறதா. நியமனக் கடிதத்தின் பிரதியும் சந்தாப் பற்றுச்சீட்டும் வீட்டில் பத்திரமாக இருக்கட்டும்; இடம்பெயர்ந்தவருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. சங்கமே இல்லாத இடத்தில் ஏழு அங்கத்தவர் கையொப்பமிட்டால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம்.

கூடிப் பேசுவதற்கு: எங்கள் பாடசாலையில் எத்தனை ஆசிரியர் குறைவு, எந்தப் பாடத்துக்கு? அதை வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்க, பெற்றோரும் ஆசிரியர் சங்கக் கிளையும் ஒரே நாளில் போக முடியுமா?