வந்த வரிசை

அன்புள்ள கயல்விழிக்கு,

அத்தை எழுதுகிறேன். நீ போனில் பாதிதான் சொன்னாய். மீதியை உன் அம்மா சொன்னாள். ராத்திரி ஒன்பது மணி வரை அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாயாம். மத்தியானச் சாப்பாட்டை டப்பாவோடு திருப்பிக் கொண்டுவருகிறாயாம். சின்ன வயதில் உனக்கு இழுப்பு இருந்ததை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. பூஞ்சை பிடித்த காகிதத்தின் தூசிக்குத் துணி மாஸ்க் போதாது, என்-95 வாங்கிக்கொள். பூஞ்சை கண்ட கட்டு எதுவானாலும் உடனே தனி அறைக்குப் போகட்டும். ஃபேனுக்கு அடியில் வைத்து உதறினால் நல்ல பெட்டிகளுக்கும் பரவிவிடும். வேலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

இனி நீ கேட்டது. உன் பல்கலைக்கழகத்தில், துறைத்தலைவராக இருந்த பேராசிரியரின் வீட்டிலிருந்து வந்த பெட்டிகளையும், அவருடைய துறை அலுவலகத்திலிருந்து இறக்கிய கோப்புகளையும் ஒன்றாகப் போட்டுப் பொருள்வாரியாக அடுக்கச் சொல்கிறார்கள். தர மதிப்பீட்டுக்கு நாக் குழு வருவதற்குள் முடிய வேண்டும். ஸ்கேன் செய்துவிட்டால் காகிதத்தைக் கழித்துவிடலாம் என்று கமிட்டியில் ஒருவர் சொல்லியிருக்கிறார். அவர்கள் சொல்வதுபோல் செய்வதா, வந்தது வந்தபடியே வைப்பதா என்று கேட்கிறாய். முடிவு உன்னுடையதுதான். அங்கே தொகுப்பூதியத்தில் உட்கார்ந்திருப்பவள் நீ; ஒப்பந்தம் நீட்டிப்பார்களா என்ற கவலையும் உனக்குத்தான். எனக்கு ஓய்வூதியம் மாதாமாதம் வந்துவிடுகிறது. ஆனாலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வேலைபார்த்தே தலை நரைத்தவள் நான். எனக்குப் பட்டதைச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது.

பொருள்வாரியாக அடுக்குவது பார்ப்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கும். இலக்கணம் ஒரு பெட்டி, பாடத்திட்டம் ஒரு பெட்டி, கருத்தரங்கு ஒரு பெட்டி என்று லேபிள் ஒட்டிப் படம் எடுத்துக் காட்டலாம். இதைச் செய்து பார்த்துக் கைசுட்டுக்கொண்ட நாடுகள் இருக்கின்றன. பிரான்சில் புரட்சிக்குப் பிறகு பல அலுவலகங்களின், மடங்களின் தஸ்தாவேஜுகளை ஓரிடத்தில் கொட்டிப் பொருள்வாரியாகப் பிரித்தார்கள். எந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்பதே தெரியாமல் போயிற்று. 1841-இல் நதாலிஸ் த வாய்யி என்பவர் எழுதிய சுற்றறிக்கைதான் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது: ஓர் அலுவலகத்தின், ஒரு குடும்பத்தின், ஓர் ஆளின் தாள்கள் ஒன்றாகவே இருக்க வேண்டும், இன்னொருவருடையதோடு கலக்கக் கூடாது. 1881-இல் பிரஷ்ய அரசின் காப்பகம் இன்னும் ஒருபடி மேலே போய், அந்தக் கட்டுக்குள் இருக்கும் பழைய வரிசையையும் கலைக்கக் கூடாது என்றது. 1898-இல் டச்சுக்காரர்கள் மூன்று பேர் இதையெல்லாம் ஒரு கையேடாகவே எழுதி வைத்தார்கள். இவை உனக்குப் படிப்பில் வந்திருக்கும். பதிவாளருக்குத் தெரியாது, அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. நீதான் அவருக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்ல வேண்டும்.

எழும்பூர் கட்டடம் 1909-இல் எழுந்தது. அங்கே வருவாய் வாரியத்தின் நடவடிக்கைகள் இன்றைக்கும் வருவாய் வாரியத்தின் நடவடிக்கைகளாகத்தான் அடுக்கியிருக்கின்றன. பஞ்சத்தைப் பற்றித் தேடி வருகிறவருக்குப் ‘பஞ்சம்’ என்று எழுதிய அலமாரி எதுவும் கிடைக்காது. அட்டவணைத் தொகுதியைப் பிடித்து, துறையையும் தேதியையும் பிடித்து உள்ளே போக வேண்டும். புதிதாக வருகிற மாணவர்கள் முதல் வாரம் அலுத்துக்கொள்வார்கள். போகப் போகத்தான், எந்த அதிகாரிக்கு எந்தத் தேதியில் என்ன தெரிந்திருந்தது என்பதை அந்த வரிசையே காட்டுகிறது என்று கண்டுகொள்வார்கள். அப்படியொரு வரிசையைக் கலைத்துவிட்டால் பிறகு யாராலும் அதைச் சேர்க்க முடியாது.

உன் சிக்கல் இதைவிடக் கொஞ்சம் நுட்பமானது. ஒரே ஆள் வீட்டிலும் எழுதியிருக்கிறார், துறைத்தலைவர் நாற்காலியிலும் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்துப் பேராசிரியர்கள் ஆபீஸ் ஃபைலை வீட்டுக்கு எடுத்துப்போவார்கள், சொந்தக் கடிதங்களைத் துறை முகவரிக்கு வரவழைப்பார்கள். அதனால் வீட்டுப் பெட்டியில் கல்விக்குழுவின் நிகழ்ச்சி நிரல் இருக்கும். துறைக் கோப்பில் அவர் தம்பி எழுதிய இன்லண்ட் லெட்டர் இருக்கும். உடனே உனக்குக் கை பரபரக்கும், இதை அங்கே, அதை இங்கே மாற்றிவிடலாம் என்று. மாற்றாதே, கயல். வீட்டுப் பெட்டியில் கிடைத்த நிகழ்ச்சி நிரலின் ஓரத்தில் அவர் பென்சிலால் கிறுக்கியிருப்பார். கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லாததை அங்கே எழுதியிருப்பார். அதே நிரலின் சுத்தமான பிரதி துறைக் கோப்பில் இருக்கும். இரண்டும் அதனதன் இடத்தில் இருந்தால்தான் இரண்டுக்கும் பொருள். விவரப் பட்டியலில் ஒன்றுக்கொன்று பார்வைக் குறிப்புப் போட்டுவிடு, போதும். தாள் இடம் மாற வேண்டியதில்லை.

துறைக் கோப்புகளில் குறிப்புக் கோப்பையும் நடப்புக் கோப்பையும் பிரிக்க விடாதே. வந்த கடிதமும் போன பதிலும் நடப்பில் இருக்கும்; யார் ஆட்சேபித்தார், யார் மேலொப்பம் போட்டு முடித்தார் என்பது குறிப்பில்தான் இருக்கும். பழைய எழுத்தர்கள் ந.க. எண் போட்டு, முடித்த பிறகு ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்பதையும் குறித்து வைத்தார்கள். அந்த எண்ணை அழித்துவிட்டு உன் எண்ணை எழுதாதே. உன் எண் அதற்குக் கீழே, பென்சிலில் வரட்டும்.

வீட்டுத் தாளும் அலுவலகத் தாளும் தனித்தனியே இருப்பதன் பயனுக்குத் தமிழ் லெக்சிகனை எடுத்துக்கொள். அது சென்னைப் பல்கலைக்கழகத்தின் காரியம். 1924 தொடங்கி 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. 1926 முதல் அதன் பதிப்பாசிரியராக இருந்தவர் வையாபுரிப் பிள்ளை. அவர் சொந்தமாகச் சேர்த்த நூல்களும் சுவடிகளும் இன்று கல்கத்தா தேசிய நூலகத்தில் அவர் பெயரிலேயே இருக்கின்றன. அந்த அகராதி உருவான விதத்தை எழுத நினைக்கிற ஒருவர் பல்கலைக்கழகம் என்ன முடிவெடுத்தது என்றும் பார்க்க வேண்டும், அந்த மனிதர் தம் மேசையில் எதை விரித்து வைத்திருந்தார் என்றும் பார்க்க வேண்டும். கல்கத்தாவில் அவருடைய நூல்களைப் பிரித்து மற்ற நூல்களோடு சொருகியிருந்தால் இரண்டாவது கேள்விக்கு வழியே அடைபட்டிருக்கும்.

நம் வீட்டில் அந்த வழிதான் அடைபட்டது. தாத்தாவின் தாள்களுக்கு என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியும், ஆனாலும் இன்னொரு தரம் சொல்கிறேன், இந்த ஒரு விஷயத்தில் எனக்கு மனம் ஆறவே இல்லை. அவர் வருஷத்துக்கு ஒரு கட்டாகப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, சணல் கயிறு போட்டு, மேலே தமிழ் ஆண்டின் பெயரை எழுதி வைத்திருந்தார். உன் அப்பாவும் நானும் மாடியிலிருந்து இறக்கிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டவர்கள் பெரிய மரியாதையோடுதான் வாங்கிக்கொண்டார்கள், மாலைகூடப் போட்டார்கள். பிறகு கட்டுகளை அவிழ்த்து, பிரபலங்கள் எழுதிய கடிதங்களைப் பொறுக்கி ஆல்பத்தில் ஒட்டினார்கள், அதுவும் செல்லோ டேப் போட்டு. நோட்டுப் புத்தகங்கள் இலக்கணம் என்ற தலைப்பில் ஓர் அலமாரிக்குப் போயின. ஊர்க்காரர்கள், பழைய மாணவர்கள் எழுதிய கடிதங்கள் ‘பல்வகை’ என்ற மூட்டைக்குப் போயின. அந்த மூட்டை இப்போது இல்லை. தாத்தாவின் பாடநூல் விவகாரத்தில் அவர் பக்கம் நியாயம் இருந்தது என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். அதைக் காட்டுவதற்கான கடிதப் போக்குவரத்து முழுவதும் அது நடந்த ஒரு வருஷத்துக் கட்டில் இருந்தது. கேள்வி ஆல்பத்தில் இருக்கிறது, பதிலின் கார்பன் பிரதி அலமாரியில் எங்கோ இருக்கிறது, நடுவில் இருந்தவை போய்விட்டன. ஒரு தாள்கூடக் கெட்ட எண்ணத்தில் அழிக்கப்படவில்லை. ஒழுங்குபடுத்துகிறோம் என்றுதான் எல்லாவற்றையும் செய்தார்கள்.

அதனால்தான் பொருள்வாரி என்ற சொல்லை நீ சொன்னதும் எனக்குப் பதறியது.

எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொள் என்று நான் சொல்லவில்லை. ஒரே சுற்றறிக்கையின் சைக்ளோஸ்டைல் பிரதி இருபது இருந்தால் இரண்டு போதும். ஆனால் கழிப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார். பேராசிரியர்கள் சிக்கனமானவர்கள், வினாத்தாளின் பின்பக்கத்தில் கட்டுரை வரைவு எழுதுவார்கள், கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் நூற்பட்டியல் எழுதுவார்கள். அந்த வினாத்தாளின் தேதியை வைத்துத்தான் வரைவின் காலத்தைத் தோராயமாகவாவது சொல்ல முடியும். தேதி போடாத இன்லண்ட் லெட்டருக்கும் தபால் முத்திரைதான் தேதி. கவரைக் கடிதத்திலிருந்து பிரித்துப் போட்டுவிடாதே. கோட்டையூர் ரோஜா முத்தையா நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்து வைத்தவர். 1992-இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, 1994-இல் சென்னையில் நூலகமாக்கிற்று. மற்றவர்கள் குப்பை என்று தள்ளியதைத் தேடி இன்று எங்கெங்கிருந்தோ ஆய்வாளர்கள் அங்கே வருகிறார்கள்.

ஸ்கேன் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதே. ஸ்கேன் செய்வது நல்லது, காகிதத்தில் கை படுவது குறையும். ஆனால் முன்பக்கம் மட்டும் எடுக்கிற அவசர ஸ்கேனில் பின்பக்கம் போய்விடும், தாளின் மேல் குத்தியிருந்த துண்டுச் சீட்டு எந்தத் தாளுக்கு உரியது என்பதும் போய்விடும். ஹார்ட் டிஸ்க் பத்து வருஷம் தாங்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். அடுக்கி, எண்ணிட்டு, பட்டியலிட்ட பிறகே ஸ்கேன். அதற்குப் பிறகும் காகிதம் இருக்க வேண்டும்.

எல்லோருக்கும் திறந்துவிடக் கூடாதவையும் அந்தப் பெட்டிகளில் இருக்கும். மதிப்பெண் குறித்து மாணவர்கள் அழுது எழுதிய கடிதங்கள், சாதிச் சான்றிதழ் நகல்கள், ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகள், மருத்துவச் சீட்டுகள். இவற்றை அவை இருக்கும் வரிசையிலேயே உறையிட்டு, எத்தனை ஆண்டுகளுக்குத் திறப்பதில்லை என்று எழுத்தில் முடிவெடுக்க வையுங்கள். குடும்பத்தாரோடு கையெழுத்தான ஒப்படைப்புப் பத்திரம் இல்லையென்றால் முதல் வேலை அதுதான். இன்னொன்று, பேராசிரியருக்கு வந்த கடிதத்தின் தாள் உங்களிடம் வந்திருக்கிறதே தவிர, அதன் எழுத்துரிமை எழுதியவருடையது. இணையத்தில் ஏற்றுமுன் அதை யோசியுங்கள்.

பதிவாளருக்கு என்ன காட்டுவது என்று பயப்படுகிறாய். முதல் மாதத்தில் பெட்டிப் பட்டியலைக் கொடு. பெட்டி எண், எங்கிருந்து வந்தது, யாருடையது, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த மாதிரித் தாள், என்ன நிலையில் இருக்கிறது, இவ்வளவுதான். பிறகு தொகுதி அளவில் விவரம் எழுது. ஒவ்வொரு தாளுக்கும் எழுத உட்கார்ந்தால் நாக் குழு மூன்று தரம் வந்து போய்விடும். அமெரிக்காவில் மார்க் கிரீன், டென்னிஸ் மைஸ்னர் இருவரும் 2005-இல் இதைத்தான் வாதாடினார்கள்: நுணுக்கி நுணுக்கி வேலை செய்து பெட்டிகளை வருஷக்கணக்கில் பூட்டி வைப்பதைவிட, மேலோட்டமாகவேனும் விவரித்துச் சீக்கிரம் திறந்துவிடு என்று. ஒவ்வொரு குண்டூசியையும் பிடுங்கவேண்டியதில்லை என்றும் சொன்னார்கள். அது மட்டும் நம் ஊருக்குச் சரிவராது என்பது என் கட்சி. நம் ஈரக் காற்றில் குண்டூசி ஒரு மழைக்காலத்திலேயே துருவேறித் தாளைத் தின்றுவிடும். துருப்பிடித்ததை எடு, ரப்பர் பேண்டை எடு, லேமினேஷன் என்று யாராவது சொன்னால் வாசலிலேயே நிறுத்து.

நிறையப் பேசிவிட்டேன், இல்லையா? உன் அப்பா படித்தால், ‘அக்கா இன்னும் ரிட்டையர் ஆகவில்லை’ என்பான். நீ கோபித்துக்கொள்ளாதே, கண்ணு. நம் குடும்பத்தில் தாத்தாவின் கையெழுத்தைத் தடங்கலில்லாமல் படிக்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான், என்னையும் சேர்த்துச் சொல்கிறேன். பத்து வயதிலேயே என் தபால்தலைகளைக் கலைக்காமல் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தவள் நீ. இந்த வேலைக்கு உன்னைவிடப் பொருத்தமான ஆள் அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கிடைக்கப் போவதில்லை. ஒப்பந்தத்தை நீட்டினாலும் நீட்டாவிட்டாலும் இது மாறாது. அவர்கள் சொல்கிறபடிதான் செய்தாக வேண்டும் என்று நீ முடிவெடுத்தாலும் எனக்கு உன்மேல் வருத்தம் வராது. பெட்டிப் பட்டியலை மட்டும் அதற்கு முன்னால் எழுதிவிடு, ஒவ்வொரு கட்டையும் இருக்கிற நிலையில் போட்டோ எடுத்துவிடு. நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன், உன் அம்மா வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

பதிவாளரிடம் என்றைக்குப் பேசப் போகிறாய் என்று எழுது. துணைக்கு நான் வர வேண்டுமென்றால் சொல், காலை பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அத்தை