மண் வீடுகள் தரும் பாடம்



யமன் நாட்டு ஹளரமவுத்தில் ஷிபாம் என்றொரு பட்டணம் உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் உருவான அக்கோட்டைப் பட்டணத்தில் சுமார் 100 அடி உயரம் வரை எழும்பிய அடுக்குவீடுகள் நிற்கின்றன. யாவும் மண்! களிமண்ணையும் வைக்கோலையும் குழைத்து, வெயிலில் காயவைத்த கல்லால் கட்டியவை. சூளை இல்லை, விறகுச் செலவும் இல்லை. இடிந்த மண்ணை ஊறவைத்து மறுபடியும் கல் அறுக்கலாம்.

பருத்த மண்சுவர் பகல் வெப்பத்தை மெல்ல உள்வாங்கி, இரவில் வெளியே விடும். ஆகவே உச்சி வெயிலிலும் உள்ளே தணிவாயிருக்கும். கீழ்த்தளம் தானியமும் சரக்கும் வைக்கும் கிடங்கு. சிங்கப்பூரில் வாணிபம் செய்து பொருளீட்டிய அல்காஃப் குடும்பத்தார் தங்கள் ஊராகிய தரீமில் எழுப்பிய மாளிகைகளும் மண்கல்லால் ஆனவையே.

மண்ணுக்குப் பகை தண்ணீர். எனவே கூரைக்குச் சுண்ணாம்பு பூசி, அவ்வப்போது புதுப்பிப்பார்கள். அதில் அசட்டை செய்தால் மழைநீர் இறங்கிக் கல் கரையும். 2008-ஆம் ஆண்டு வெள்ளத்தில் ஷிபாம் சேதமுற்றது. போரின் காரணமாக 2015-இல் யுனெஸ்கோ அதனை ஆபத்திலுள்ள மரபிடங்களின் பட்டியலில் சேர்த்தது.

இதில் நமக்கென்ன? பினாங்கிலும் சிங்கப்பூரிலும் உள்ள பழைய கடைவீடுகள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியவை. சுண்ணாம்புப் பூச்சு சுவரின் ஈரத்தை வெளியேற்றும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே தங்கிச் சுவரை அரிக்கும். ஆகவே பழுது பார்க்குமுன், பழைய பூச்சு எதுவெனக் கொத்தனாரிடம் கேட்டறிவோமாக!