வேட்பாளர் உருவாகும் இடம்

மக்களாட்சி என்றவுடன் வாக்குச்சாவடியே நம் கண்முன் தோன்றுகிறது. ஆயின் வாக்காளர் சாவடிக்குள் நுழையும்போது, அங்கே அவருக்காகக் காத்திருக்கும் பெயர்கள் முன்னரே முடிவு செய்யப்பட்டவை. செஞ்சியை அடுத்த அனந்தபுரம் பேரூராட்சியை எடுத்துக்கொள்வோம். அங்கு வாழும் ஒருவர் தம் வார்டு உறுப்பினரையும், செஞ்சித் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரையும், ஆரணித் தொகுதி மக்களவை உறுப்பினரையும் தேர்ந்தெடுக்கிறார். இம்மூவரையும் அவருக்கு முன்பே தெரிவு செய்து வைப்போர் யாவர்? இதுவே நாம் ஈண்டு ஆராயப்புகும் பொருள்.

தமிழகக் கட்சிகளின் அமைப்பு ஏணி போன்றது. 1949இல் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகத்தில் கிளைக் கழகம், பேரூர்க் கழகம், ஒன்றியக் கழகம், மாவட்டக் கழகம், பொதுக்குழு எனப் படிகள் உயர்ந்து செல்கின்றன. பிற கட்சிகளிலும் பெயர்கள் வேறாயினும் படிகள் ஏறத்தாழ இவையே. உட்கட்சித் தேர்தல் கீழிருந்து மேலே செல்லும். வேட்பாளர் பட்டியலோ மேலிருந்து கீழே வரும். இம்முரண் கருதத்தக்கது. தேர்தலில் நிற்பதா, வேண்டாமா என்னும் வினாவையே 1956இல் திருச்சி மாநாட்டில் தொண்டர்களின் வாக்கெடுப்புக்கு விட்ட கட்சி தி.மு.க. அடுத்த ஆண்டு 15 சட்டமன்ற இடங்களை வென்றது. யார் நிற்பது என்னும் வினா அவ்வாறு தொண்டர்களிடம் விடப்படும் வழக்கம் இங்கு வேரூன்றவில்லை.

இன்றைய நடைமுறை யாவரும் அறிந்ததே. தலைமை அறிவிப்பு வெளியிடும், விரும்புவோர் கட்டணம் செலுத்தி விருப்ப மனு அளிப்பர், நேர்காணல் நடைபெறும். உள்ளூர்ச் செல்வாக்கு, சாதிக் கணக்கு, செலவிடும் ஆற்றல், மாவட்டச் செயலாளரின் பரிந்துரை ஆகியன எல்லாம் அங்கே எடைபோடப்படும். ஊர்ப்படியிலிருந்து ஏறி வந்தோரும் உளர். செஞ்சிப் பேரூராட்சித் தலைவராக இருந்த கே. எஸ். மஸ்தான் அவர்கள் 2016, 2021 தேர்தல்களில் செஞ்சித் தொகுதியில் வென்று, 2021இல் அமைச்சரும் ஆனார். ஆயினும் பல்லாண்டு உழைத்தவரின் தொகுதி, கூட்டணிப் பங்கீட்டில் ஒரே இரவில் வேறு கட்சிக்குச் சென்றுவிடுவதும் உண்டு. அவர் பின்னர் சுவரொட்டி ஒட்டத்தான் வேண்டும்!

கூட்டணியில் இன்னொரு நுட்பமும் உள்ளது. 2004இல் வேலூர் மக்களவைத் தொகுதியில் முஸ்லிம் லீக் தலைவர் கே. எம். காதர் மொகிதீன் அவர்கள் உதயசூரியன் சின்னத்தில் நின்று வென்றார். அவையின் ஏடுகளில் அவர் தி.மு.க. உறுப்பினராகவே கணக்கிடப்பட்டார். சின்னத்தைக் கொடுப்பவர் பெயரையும் கொடுத்துவிடுகிறார் என்பது இதனால் விளங்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29அ பிரிவு கட்சிகளின் பதிவைப் பற்றிப் பேசுகிறது. வேட்பாளரை எவ்வாறு தெரிவு செய்ய வேண்டும் என்று பேசவில்லை. ஏற்பளிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பதின்மர் வேண்டும். தலைமையின் ஒப்பம் பெற்ற ‘பி’ படிவம், மனுத்தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் தேர்தல் அலுவலரை அடையாவிடில் கட்சிச் சின்னம் கிடைக்காது. அத்தாள் ஒன்றே தலைமையின் கைவாள். செருமனியிலோ வேட்பாளரைக் கட்சிக்குள் மறைவாக்கெடுப்பால் தெரிவு செய்தல் சட்டக் கட்டாயம். உட்கட்சி மக்களாட்சிக்குச் சட்டம் வேண்டுமென நம் சட்ட ஆணையம் 1999இல் பரிந்துரைத்தும் அது நிறைவேறவில்லை. குற்ற வழக்குடையோரை நிறுத்தினால் அதற்கான காரணத்தை வெளியிட வேண்டும், வெற்றி வாய்ப்பு மட்டுமே காரணமாகாது என 2020இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது ஒரு சிறு திறப்பு.

குடவோலை முறையைப் பெருமையுடன் பேசும் நாம் அதன் ஒரு கூற்றை நினைவுகொள்ள வேண்டும். பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, 30 குடும்புகளிலும் யார் பெயர் ஓலையில் எழுதப்படலாம், யார் பெயர் கூடாது என்பதை விரிவாகக் கூறுகிறது. வயது 35 முதல் 70 வரை. வரி செலுத்தும் நிலம் வேண்டும். முன்னர்ப் பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் நீக்கப்படுவர். அது நிலமுடைய அந்தணர் சபையே. பெண்களுக்கும் உழைப்போருக்கும் அங்கு இடமில்லை. அதை மக்களாட்சி என்று கூறுதல் மிகை. எனினும் தகுதியும் தகுதியின்மையும் அனைவரும் காணக் கல்லில் இருந்தன.

அனந்தபுரத்திற்குத் திரும்புவோம். 2022 பிப்ரவரி 19 அன்று தமிழகப் பேரூராட்சிகளில் மக்கள் வார்டு உறுப்பினர்களை நேரடியாகத் தேர்ந்தெடுத்தனர். தலைவர்களை மார்ச் 4 அன்று அவ்வுறுப்பினர்களே தேர்ந்தெடுத்தனர். மாநிலத்தின் சில இடங்களில், தோழமைக் கட்சிக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவியை ஆளுங்கட்சி உறுப்பினரே போட்டியிட்டுக் கைப்பற்றினர். உடனே பதவி விலகுமாறு தலைமை ஆணையிட்டது. கூட்டணி அறத்தின்படி அவ்வாணை முறையே. ஆனால் பேரூராட்சி மன்றத்தில் வாக்குப் பெற்று வென்றவரை விலகச் சொல்லும் உரிமை, அவருக்கு வாக்களித்த உறுப்பினர்களிடம் அன்றி, சென்னையில் இருந்தது.