தரைநிலையும் வாயில் எண்ணும்: பந்தய அட்டையைப் படிக்கும் முறை

1843இல் ஃபேரர் பார்க்கில் தொடங்கிய சிங்கப்பூர்க் குதிரைப் பந்தயம், 1933இல் புக்கிட் தீமாவுக்கும் 1999இல் கிராஞ்சிக்கும் இடம் மாறி, 2024 அக்டோபர் 5ஆம் நாள் நடந்த கடைசிப் பந்தயத்துடன் முடிவுக்கு வந்தது. லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் ரோட்டின் பெயரில் அது இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று பிடோக்கிலிருந்து சிங்கப்பூர் பூல்ஸ் வழியாகப் பந்தயம் கட்டுபவர் ஹாங்காங், ஆஸ்திரேலியா முதலிய வெளிநாட்டுத் திடல்களையே நம்புவதால், புல்லின் ஈரத்தை நேரில் பார்க்க வழியின்றி, அறிவிக்கப்படும் தரைநிலையையும் வாயில் எண்ணையும் கொண்டே கணிக்க வேண்டியுள்ளது.

முதலில் பார்க்க வேண்டியது தரைநிலை, அதாவது ஓடுபாதையின் இறுக்கமும் ஈரமும். ஆஸ்திரேலியாவில் இது 1 முதல் 10 வரையிலான எண்ணால் குறிக்கப்படுகிறது: 1, 2 கெட்டித் தரை, 3, 4 நல்ல தரை, 5 முதல் 7 வரை மென்தரை, 8 முதல் 10 வரை சேறு. அந்த எண்ணைத் தெரிந்துகொண்டபின், ஒவ்வொரு குதிரையும் அதே வகைத் தரையில் முன்பு எப்படி ஓடியது என்பதைத் தேடிப் பார்க்க வேண்டும். நல்ல தரையில் பெற்ற வெற்றிகளை வைத்துச் சேற்றில் பணம் கட்டுவது வீண்.

அடுத்தது வாயில் எண், அதாவது புறப்படும் கூண்டில் குலுக்கல் முறையில் குதிரைக்குக் கிடைக்கும் இடம். எண் 1 உள்வேலியை ஒட்டியது. அரைவட்ட வளைவில் ஒரு குதிரை மற்றொன்றைவிட ஒன்றரை மீட்டர் வெளியே ஓடினால், வளைவு பெரிதோ சிறிதோ, அது ஏறத்தாழ 4.7 மீட்டர், அதாவது இரண்டு குதிரை நீளம் கூடுதலாக ஓட நேரும். ஹாங்காங்கின் ஹேப்பி வேலி வளைவுகள் நெருக்கமான திடல் என்பதால், குறுந்தூரப் பந்தயங்களில் அங்கே சிறிய எண்களுக்கு மதிப்பு அதிகம். ஷா டின் திடலின் 1000 மீட்டர் பந்தயமோ வளைவே இல்லாத நேர்ப்பாதையில் நடப்பதால், வெளிவேலியை ஒட்டிய பெரிய எண்களே அங்கு விரும்பப்படுகின்றன. ஆகவே எண்ணை மட்டும் பார்க்காமல், எந்தத் திடல், எத்தனை மீட்டர், முதல் வளைவு எவ்வளவு தொலைவில் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இவ்விரண்டையும் தனித்தனியே கணக்கிடுவோர்தாம் பெரும்பாலும் ஏமாறுகின்றனர். மழை நாளில் உள்வேலியோரப் புல், பந்தயத்துக்குப் பந்தயம் குளம்படிபட்டுக் கிழிந்து குழையும்போது, காலையில் சாதகமாயிருந்த சிறிய எண் பிற்பகலில் சுமையாகிவிடலாம். ஜாக்கிகள் கடைசி நேர்ப்பாதையில் குதிரைகளை வெளிப்புறம் இழுத்துச் செல்லத் தொடங்கினால் அதுவே அடையாளம். அதனால் முதல் இரண்டு பந்தயங்களில் பணம் கட்டாமல், வென்ற குதிரைகள் வேலியோரம் ஓடினவா, நடுப்பாதையில் ஓடினவா என்று கவனிப்பது நல்லது.

கட்டப்படும் பணமெல்லாம் ஒரே தொகுப்பில் சேர்ந்து, கழிவு போக மிஞ்சியதே வென்றவர்களுக்குப் பங்கிடப்படும் முறையில், எல்லாரும் அறிந்த சாதகம் பங்குத்தொகையைக் குறைத்துவிடும். எனவே இந்தக் கணிப்பு பொருந்தாத குதிரைகளைக் கழித்துக்கட்டத்தான் உதவும். வெல்லும் குதிரையைக் காட்டித் தராது. கட்டும் தொகை வரம்பு மீறுவதாகத் தோன்றினால், சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்தின் உதவி எண் 1800-6-668-668ஐ அழைக்கலாம்.