கடைசி ஓவர் தகராறும் டொஸ்ஸுக்கு முந்திய வேலையும்

ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டங்களில் நடக்கும் மென்பந்து கிரிக்கெட் சுற்றுப்போட்டிகளுக்கு நான் ஸ்கோர் எழுதி வருகிறேன். மேல் டிவிஷனும் கீழ் டிவிஷனும் இறுதிப் போட்டியில் மோதும் நாளில் கொப்பி பிடிப்பது லேசான காரியமல்ல. ஒரே கோயில் திருவிழாவுக்குக் காசு சேர்க்கிறவர்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள், அன்று மட்டும் எதிரெதிரே நிற்பார்கள். ஒரு ஓட்டத்துக்காக மாமனும் மச்சானும் பேசாமல் போன கதை எனக்குத் தெரியும். அந்தத் தகராறு கடைசி ஓவரில் வெடித்தாலும், அதைத் தடுக்கிற வேலையை டொஸ் போடுவதற்கு முன்பே செய்துவிடலாம்.

முதலில் எல்லைக்கோடு. எங்கள் கிரவுண்டுகள் மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்தியவை. ஒரு பக்கம் தேயிலை, இன்னொரு பக்கம் லயத்துக் கூரை. பந்து தேயிலைக்குள் விழுந்து தொலைந்தால் எத்தனை ஓட்டம்? கூரையில் பட்டு வந்ததைப் பிடித்தால் அவுட்டா? இதை நடுவில் நின்று வாயால் சொன்னால் போதாது. இரண்டு தலைவர்களையும் அம்பயர் கூட்டிக்கொண்டு எல்லையைச் சுற்றி நடக்க வேண்டும். ஒவ்வொரு இடத்தையும் கையால் காட்டி, முடிவை ஸ்கோர் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அம்பயர்களை மூன்றாவது தோட்டத்திலிருந்து அழையுங்கள். மட்டை பிடிக்கும் அணியே அம்பயர் தருகிற வழக்கம் மற்ற போட்டிகளுக்குச் சரி, இறுதிப் போட்டிக்கு வேண்டாம்.

சமநிலையானால் என்ன செய்வது என்பதும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். 2012 செப்டம்பர் 27 அன்று பல்லேகலையில் இலங்கையும் நியூசிலாந்தும் சமமாக முடித்தபோது சூப்பர் ஓவரில் இலங்கை வென்றது. விதி முன்பே இருந்ததால் யாரும் சண்டை பிடிக்கவில்லை. 2019 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் சூப்பர் ஓவரும் சமமாகி, பவுண்டரி எண்ணிக்கையில் இங்கிலாந்து கிண்ணத்தை எடுத்தது. உலகமே குறைப்பட்ட அந்த விதியைப் பிறகு மாற்றினார்கள். எங்களுக்கு எளிய வழி, சூப்பர் ஓவரும் சமமானால் இன்னொரு சூப்பர் ஓவர். வெளிச்சம் போய்விட்டால் கிண்ணம் இருவருக்கும்.

வெளிச்சம் என்றதும் மழையும் ஞாபகம் வருகிறது. தீபாவளியை ஒட்டி வைக்கும் போட்டி பிற்பகல் இடிமழையில் மாட்டும். இறுதிப் போட்டியைக் காலையிலேயே வையுங்கள்.

விளையாடுகிற தம்பிமாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2007 மார்ச் 28, கயானா. இலங்கையை வெல்லத் தென்னாபிரிக்காவுக்கு 4 ஓட்டம் போதும், கையில் 5 விக்கெட், பந்துகளும் தாராளம். மாலிங்க அடுத்தடுத்த 4 பந்துகளில் பொலொக், ஹோல், கலிஸ், நிட்டினி ஆகிய நால்வரையும் வீழ்த்தினார். கடைசியில் பீற்றர்சனின் மட்டை விளிம்பில் பட்டு ஓடிய பந்துதான் அவர்களை ஒரு விக்கெட்டால் காப்பாற்றியது. ஆகவே பந்து வீசும் அணித் தலைவர், தோற்பது போலத் தெரிந்தாலும் தன் நல்ல பந்துவீச்சாளருக்கு ஒரு ஓவரை மிச்சம் வைக்க வேண்டும். மட்டை பிடிக்கிறவருக்கு நான் சொல்வது ஒற்றை ஓட்டம். நாலு ஓட்டம் தேவைப்படும்போது சிக்ஸர் அடித்து முடிக்கப் பார்த்து, லோங் ஓனில் பிடி கொடுத்துப் போனவர்களை நிறையவே பார்த்துவிட்டேன். மனசு வலிக்கும்.

ஸ்கோர் எழுத அணிக்கு ஒருவராக இருவர், பக்கத்துப் பக்கத்தில் உட்கார வேண்டும். ஓவருக்கு ஓவர் சத்தமாகக் கேளுங்கள்.

“நாற்பத்தெட்டு, சரியா தம்பி?”

“சரி அண்ணே.”

அப்படிச் சொன்ன பிறகே அடுத்த பந்து. கூட்டத்திலிருந்து யார் கத்தினாலும் முடிந்த ஓவரைத் திருத்தக்கூடாது.

கடைசிப் பந்து விழுந்ததும் கொப்பிகள் இரண்டையும் ஒத்துப் பார்த்து, தலைவர்கள் கையெழுத்துப் போட்ட பின்னரே முடிவை அறிவியுங்கள். அதுவரை மைக் அம்பயரின் கையிலேயே இருக்கட்டும்.