இயலாமை வேறு, சோம்பல் வேறு

 

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அடிக்கடி கேட்டு வந்த துஆ ஒன்றை நம்மில் பலர் சிறு வயதிலேயே மதரஸாவில் மனனம் செய்திருக்கிறோம். ஹம்மு, ஹஸன், அஜ்ஸு, கஸல் ஆகியவற்றை விட்டும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடும் துஆ அது. வரப்போவதை எண்ணி மனம் பதறுவது ஹம்மு. நடந்து போனதை எண்ணி வருந்துவது ஹஸன். சக்தி இல்லாமல் செய்ய முடியாமற் போவது அஜ்ஸு. சக்தி இருந்தும் செய்யாமலிருப்பது கஸல். இந்த நான்கில் ஒன்றை மற்றொன்றாக எண்ணி விடலாகாது. இதுவே இம்மாதப் பாடம்.

சில ஆண்டுகளுக்கு முன் மாமல்லபுரம் கடற்கரைப் பகுதியிலிருந்து ஓர் இளைஞர் நம்மிடம் வந்தார். காய்ச்சல் ஒன்றுக்குப் பின் மாதக்கணக்கில் அவருக்குத் தீராத அசதி. எட்டு மணி நேரம் உறங்கினாலும் உறங்காதவர் போலவே எழுகிறார். ஒரு நாள் கடைக்குப் போய் வந்தால் அடுத்த இரண்டு நாள் படுக்கை. நின்றால் தலை சுற்றுகிறது. ஓதிக் கொண்டிருக்கும் சூராவே மறந்து போகிறது. இவற்றோடு நெஞ்சுப் படபடப்பும் காரணமற்ற பயமும் வேறு. பயத்துக்கு டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். ஈமான் பலவீனமானவர்தாம் அதை விழுங்குவர் என்று யாரோ சொல்லக் கேட்டு, அவர் திடீரென நிறுத்தி விட்டார்.

நாமும் தீர விசாரிக்கவில்லை. சோம்பலை விடுங்கள், ஃபஜ்ருக்கு ஜமாஅத்துக்கு வாருங்கள் என்று கூறி அனுப்பினோம். நான்கு நாள் வந்தார். ஐந்தாம் நாள் படுத்தவர் பல வாரம் எழவில்லை. அஜ்ஸைக் கஸல் என்று நாம் தீர்ப்பளித்து விட்டோம். பிறகு அவர் வீடு தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அல்லாஹ்வும் நம்மை மன்னிப்பானாக!

நோய் எது?

இதனை நாட்பட்ட சோர்வு நோய் என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 1969லேயே இதை நரம்பு சார்ந்த நோய்களில் சேர்த்தது. ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் சோர்வு, உழைத்தபின் நிலைமை மோசமாதல், களைப்பாற்றாத உறக்கம் ஆகியவற்றோடு, மறதியோ நிற்க இயலாமையோ இருப்பதை 2015ல் அமெரிக்க மருத்துவ அறிஞர் குழு அடையாளங்களாக வகுத்தது. பிடிவாதமாக உடற்பயிற்சியைக் கூட்டிக் கொண்டே போகும் முறை கூடாது என்று பிரிட்டனின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டு நெறி கூறுகிறது. முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. இரத்த சோகை, தைராய்டு, சர்க்கரை போன்ற பிற காரணங்களை முதலில் சோதித்து அறிய வேண்டும்.

மருந்து தவக்குலுக்கு விரோதமா?

அசதியும் பயமும் ஒன்றல்ல. ஆனால் நீண்ட நாள் நோயில் பயம் வந்து சேர்வதுண்டு. அதற்கு மருந்து உண்டு. மருத்துவம் செய்து கொள்ளலாமா என்று கிராமத்து அரபிகள் கேட்டபோது, செய்து கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியதை உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அறிவிக்கிறார்கள். தல்பீனா கஞ்சி நோயாளியின் நெஞ்சுக்கு ஆறுதல் தரும் என்ற செய்தியை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக நாம் அறிகிறோம். துக்கப்பட்ட உள்ளத்துக்கும் புறப்பொருள் துணையாகலாம் என்பதற்கு இது சான்று. கி.பி. 934ல் மறைந்த அறிஞர் அபூஸைத் அல்பல்கீ, உடல் நலத்தோடு மன நலத்துக்கும் தனிப்பகுதி ஒதுக்கி நூல் எழுதினார்.

எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் போதைப் பொருளல்ல. பலன் தெரியச் சில வாரமாகும். சோர்வு நோயாளிகளுக்குக் குறைந்த அளவில் தொடங்குவதே நல்லது. தாமாகத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் வரும். அல்பிரஸோலம் போன்றவை பழக்கமாகக் கூடியவை. அவற்றை டாக்டர் சொன்ன அளவுக்கும் நாளுக்கும் மேல் தொடலாகாது.

2001 ஆகஸ்ட் 6ல் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீக்கிரையானதை நாம் மறக்கலாகாது. அவர்களின் நோய் வேறு. ஆயினும் மருந்தைப் புறக்கணித்தால் என்ன விளையும் என்ற படிப்பினை எல்லோருக்கும் உரியது. பின்னர் அங்கேயே துஆவும் மருந்தும் சேர்ந்து நடக்கும் 'தவா-துஆ' திட்டம் வந்தது. கோவளம் தர்காவுக்கு வருவோரும் இதை நினைவில் கொள்வார்களாக! செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனையைத் தொலைபேசியில் இலவசமாகப் பெறலாம்.

அமலில் என்ன செய்வது?

1. நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம். அதுவும் முடியாதவர் படுத்துத் தொழலாம். இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களின் நோயின்போது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி இது.

2. நோன்பு நோயைக் கூட்டுமானால் விடலாம். குணமாகும் நம்பிக்கை இருந்தால் பின்னர் களா செய்ய வேண்டும். நம்பிக்கையற்ற நோயானால் நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு ஃபித்யா கொடுக்க வேண்டும். இரண்டில் எது என்பதை நம்பகமான டாக்டரிடமும் ஆலிமிடமும் கேட்டு முடிவு செய்க.

3. நோன்பு வைக்க இயலுபவர், தினம் ஒரு வேளை மாத்திரையை ஸஹரிலோ இஃப்தாரிலோ உட்கொள்ளலாமா என்று ரமளானுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுக் கொள்க.

4. நல்ல நாளென்று எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்யாதீர்கள். குறைவாயினும் தொடர்ந்து செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு விருப்பமானது. ஒரு ஜுஸ்உ ஓத முடியாவிட்டால் ஒரு பக்கம் ஓதுங்கள், பிறகு ஓய்வெடுங்கள்.

ஆரோக்கியத்தில் வழமையாகச் செய்த அமலின் கூலி நோயிலும் எழுதப்படுகிறது என்பது ஹதீஸ் தரும் நற்செய்தி. எனவே ஜமாஅத்தில் காணாத சகோதரரைக் குறை பேசுமுன் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கஞ்சியோடு சென்றால் இன்னும் நன்று.

அந்த இளைஞர் இன்று மீண்டும் மருந்து உட்கொள்கிறார். பயம் வெகுவாக அடங்கி விட்டது. அசதி போகவில்லை. நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார். வெட்கப்பட வேண்டியவர் அவரல்லர்.

வல்ல அல்லாஹ் நோயுற்றோர் அனைவருக்கும் ஷிஃபாவையும், நமக்கு நிதானமான நாவையும் அருள்வானாக! ஆமீன்.